துண்டும் உத்தரவாத அட்டையும்: இரத்தோட்டைப் பெருந்தோட்டப் பாவனையாளரை முன்னிறுத்திய ஒரு வரலாற்று நோக்கு

1

பெறுமதி வாய்ந்த மின்னியற் பொருளொன்று அதன் உத்தரவாதக் காலம் கடந்த சில வாரங்களிற் பழுதடையுமாயின் அப்பழுதின் சுமையை ஏற்க வேண்டியவர் யார் என்னும் வினா, இன்று பெரும்பாலும் வினாவாகவே எழுப்பப்படுவதில்லை. விற்றவர் அட்டையிலுள்ள திகதியைச் சுட்டுகின்றார். வாங்கியவர் தமது விதியை நொந்துகொண்டு திரும்புகின்றார். இருவருமே திகதியை இறுதித் தீர்ப்பாக ஏற்றுக்கொள்கின்றனர். இந்த இணக்கம் இயல்பானது போலத் தோன்றுகின்றது. ஆயின் சமூக வாழ்விலே இயல்பாகத் தோன்றும் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. அட்டையிலுள்ள திகதி பாவனையாளரின் உரிமைக்கு எல்லையாகக் கருதப்படும் நிலை எவ்வாறு உருவாயிற்று என்பதையும், சட்ட நோக்கில் அது உண்மையிலேயே எல்லைதானா என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆய்வின் களமாக இரத்தோட்டைப் பிரதேசம் கொள்ளப்படுகின்றது. மாத்தளை மாவட்டத்தில், நக்கிள்ஸ் மலைத்தொடரின் மேற்குச் சாரலையொட்டி அமைந்த இப்பிரதேசம் தேயிலையோடு மிளகு, ஏலம், கராம்பு, சாதிக்காய் ஆகியனவும் விளையும் மண். உலகச் சந்தைக்கான பொருள்களை ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக உற்பத்தி செய்து அனுப்பி வந்த தொழிலாளர் சமூகம், அதே உலகச் சந்தையின் பொருள்களை வாங்குவோராக மாறிய வரலாற்றை இங்கே தெளிவாக நோக்கலாம். நுகர்வோர் உரிமை பற்றிய எழுத்துக்கள் பெரும்பாலும் நகர்ப்புற மத்தியதர வர்க்கத்தினரையே மனங்கொண்டவை. நாட்கூலி பெறுவோரின் நிலையிலிருந்து நோக்கும்போது இப்பிரச்சினை வேறொரு பரிமாணம் பெறுகின்றது.

2

பெருந்தோட்டத் தொழிலாளர் 'நுகர்வோர்' என்ற நிலையை எய்தியமை சுதந்திரமான கொடுக்கல் வாங்கலின் வழி நிகழ்ந்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தமிழகத்திலிருந்து மன்னார்க் கரையை அடைந்து, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்து வந்த தொழிலாளர், முதல் நாட்கூலியைப் பெறுவதற்கு முன்னரே கடனாளிகளாயினர். வழிச் செலவுக்கும் உணவுக்கும் பெற்ற முற்பணம் கங்காணியின் கணக்கில் ஏறியது. தோட்டம் வழங்கிய அரிசியின் விலை கூலியிலிருந்து கழிக்கப்பட்டது. அரிசியின் தரம், அளவு, விலை ஆகிய மூன்றிலும் வாங்குபவருக்குத் தெரிவு இருக்கவில்லை. விற்பவரும் கூலி கொடுப்பவரும் கணக்கு எழுதுபவரும் ஒரே தரப்பினராக இருந்தமையே இதற்குக் காரணம்.

இவ்வுறவின் சின்னமாக விளங்கியது 'துண்டு'. ஒரு தொகுதித் தொழிலாளர் தோட்டம் மாற வேண்டுமாயின், இன்ன தொகைக் கடனைச் செலுத்தினால் அவர்கள் விடுவிக்கப்படுவர் என்று பழைய தோட்டம் எழுதிக் கொடுக்கும் சீட்டே துண்டு எனப்பட்டது. புதிய தோட்டம் அத்தொகையைச் செலுத்தும். கடனும் கடனாளியும் சேர்ந்தே இடம் மாறுவர். சீட்டில் எழுதப்பட்ட தொகை சரியானதா என்று கேட்கும் வாய்ப்பு, யாருடைய பெயரில் அது எழுதப்பட்டதோ அவருக்கு இருக்கவில்லை. ஒரு தரப்பினர் எழுதிய தாளொன்று மறு தரப்பினரின் வாழ்க்கைக்கு எல்லை வகுத்த முறை இது.

1921 ஆம் ஆண்டிலே துண்டு முறை சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. அது ஆட்சியாளரின் கருணையால் மட்டும் நிகழவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. 1919 இல் இலங்கைத் தொழிலாளர் நலவுரிமைச் சங்கத்தை நிறுவிய சேர் பொன்னம்பலம் அருணாசலம் போன்றோரின் பிரசாரமும், இந்தியாவில் எழுந்த எதிர்ப்பும் அதற்குப் பின்னணியாக அமைந்தன. 1927 ஆம் ஆண்டின் ஆகக்குறைந்த கூலிச் சட்டம் கூலியை நிர்ணயித்தபோது, தோட்டம் வழங்கும் அரிசியின் விலையையும் கருத்திற் கொண்டது. கூலி என்பது கையிற் பெறும் காசு மாத்திரமன்று, அக்காசு என்ன விலைக்கு எதனை வாங்குகின்றது என்பதும் கூலியின் பகுதியே என்னும் உண்மையைச் சட்டம் மறைமுகமாகவேனும் ஏற்றுக்கொண்ட சந்தர்ப்பமாக அதனைக் கொள்ளலாம். பிற்காலத் தொழிற்சங்க இயக்கம் இவ்வுண்மையின் முற்பகுதியை இறுகப் பற்றியது. பிற்பகுதியைப் பெரிதும் மறந்துவிட்டது.

3

விற்பனை பற்றிய அறநெறி தமிழிலக்கியத்துக்குப் புதியதன்று. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் கொள்ளும்போது மிகையாகக் கொள்ளாமலும் கொடுக்கும்போது குறைவாகக் கொடாமலும் வாணிகம் செய்தமையைப் பட்டினப்பாலை போற்றுகின்றது. பிறர் பொருளையும் தம் பொருள் போலப் பேணுவதே வாணிகம் என்பது வள்ளுவர் கருத்து. இவற்றை அக்காலச் சந்தையின் நேரடி வருணனைகளாகக் கொள்வது தவறு. அளவிலே குறை செய்யும் வணிகர் இருந்தமையாலேயே குறை செய்யாத வணிகர் பாடப்பட்டனர். எனினும் அவ்விலக்கியங்கள் கற்பிதம் செய்யும் சந்தையில் வாங்குவோரும் விற்போரும் நேருக்கு நேர் நிற்கின்றனர். பண்டத்தின் குறை கண்ணாலும் கையாலும் அறியத்தக்கதாயுள்ளது. கைத்தொழில் முதலாளித்துவம் இவ்விரு நிலைமைகளையும் குலைத்துவிட்டது. தொலைக்காட்சிப் பெட்டியின் உள்ளே இருக்கும் மின்சுற்றை வாங்குபவர் மாத்திரமன்றி விற்பவரும் அறியார்.

'வாங்குபவரே விழிப்பாயிருக்க' என்ற ஆங்கிலச் சட்டத்தின் பழைய கொள்கை இந்நிலைமைக்குப் பொருந்தாமற் போனமை பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே உணரப்பட்டது. 1893 இல் இங்கிலாந்து இயற்றிய பொருள் விற்பனைச் சட்டத்தைப் பின்பற்றி, இலங்கையிலே 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் ஆக்கப்பட்டது. ஒரு வகைப் பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவரிடமிருந்து விவரணத்தின்படி அப்பொருளை வாங்கும்போது, அது விற்பனைக்குரிய தரமுடையதாய் இருத்தல் வேண்டும் என்ற நிபந்தனை, எவரும் எழுதாவிடினும் ஒப்பந்தத்துள் அடங்கியிருப்பதாக இச்சட்டம் கொண்டது. வாங்குபவர் பொருளைப் பரிசோதித்திருந்தால், அப்பரிசோதனையில் வெளிப்பட்டிருக்க வேண்டிய குறைகளுக்கு மாத்திரமே இந்நிபந்தனை பொருந்தாது.

இங்கே ஒரு வேறுபாடு கூர்ந்து நோக்கற்பாலது. உத்தரவாத அட்டை, பழுது எப்போது வெளிப்படுகின்றது என்பதைக் கணக்கிடுகின்றது. விற்பனைச் சட்டமோ, பொருள் கைமாறிய வேளையில் அது எத்தகையதாய் இருந்தது என்பதைக் கேட்கின்றது. இவை வெவ்வேறு கேள்விகள். 1990களின் இறுதியிலிருந்து 2000களின் நடுப்பகுதி வரை உலகெங்கும் விற்கப்பட்ட கணினிகளிலும் பிற மின்னியற் சாதனங்களிலும், தரக்குறைவான மின்பகுதிரவம் நிரப்பப்பட்ட மின்தேக்கிகள் உரிய காலத்துக்கு வெகு முன்னரே வீங்கி வெடித்தமை இதற்கு நல்ல உதாரணம். பழுது வெளிப்பட்டது வாங்கி ஓரிரு ஆண்டுகளின் பின்னர். குறை பிறந்தது தொழிற்சாலையிலே. அட்டையின்படி அது காலங்கடந்த பழுது. சட்டத்தின் தருக்கத்தின்படியோ, விற்ற நாளிலேயே இருந்த, எந்தப் பரிசோதனையிலும் புலப்பட்டிருக்க முடியாத குறை. ஆகவே அட்டையின் திகதி கடந்தமையால் மட்டும் உரிமை அற்றுப்போவதில்லை. வழமையான தேய்மானத்தையும் கவனயீனத்தையும் இதனோடு சேர்த்தெண்ணலாகாது என்பது வெளிப்படை.

4

அவ்வாறாயின் அட்டையின் திகதி இத்தனை அதிகாரம் பெற்றது எவ்வாறு? இதற்கான விடையை மூன்று வழிகளில் தேடலாம்.

முதலாவது, ஒப்பந்தச் சுதந்திரம் என்ற கோட்பாடு. 1896 ஆம் ஆண்டுச் சட்டமே, உட்கிடையான நிபந்தனைகளை வெளிப்படையான உடன்பாட்டினால் விலக்கிக்கொள்ள இடமளித்தது. ஒரு கையாற் கொடுத்ததை மறு கையாற் பெற்றுக்கொள்ளும் வழி இவ்வாறு திறந்துவிடப்பட்டது. அட்டையிற் சிறிய எழுத்தில் அச்சிடப்படும் விலக்கு வாசகங்களின் வரலாற்று மூலம் இதுவே. மின்னல், மின்னழுத்த ஏற்றத்தாழ்வு ஆகியவற்றால் நேரும் சேதத்தை விலக்கும் வாசகம் அவற்றுட் பொதுவானது. இடியும் மழையும் மிகுந்த மலைச்சாரற் பிரதேசத்தில் இவ்வாசகத்தின் தாக்கம் எத்தகையது என்பதை விளக்க வேண்டியதில்லை. 1997 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம் பொறுப்பை விலக்கும் வாசகங்களுக்கு வரம்பிட முயன்றது. அச்சட்டத்தின் பெயர் கூடப் பெரும்பாலான பாவனையாளரை எட்டவில்லை.

இரண்டாவது, தவணைக் கொள்வனவு. சிங்கர் நிறுவனம் 1856 இல் அமெரிக்காவிலே தையல் இயந்திரங்களைத் தவணை முறையில் விற்கத் தொடங்கியது; 1877 இல் இலங்கைக்கு வந்தது. உழைப்பாளர் கைக்கு எட்டாதிருந்த இயந்திரம் தவணையின் வழியே வீட்டுக்குள் வந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் இம்முறையின் சட்ட வடிவம் விற்பவரின் பாதுகாப்பை மையமாகக் கொண்டது. 1895 இல் பியானோ ஒன்று தொடர்பாக இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை அளித்த தீர்ப்பு, இறுதித் தவணை வரை வாங்குபவர் உரிமையாளர் அல்லர், வாடகைக்குப் பெற்றவரே என்பதை உறுதிப்படுத்தியது. பொருளின் பயன்பாட்டுக் காலமும் தவணைக் காலமும் உத்தரவாதக் காலமும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டிய கட்டாயம் எதுவும் இருக்கவில்லை. பொருள் இயங்காது நின்ற பின்னரும் தவணை இயங்கிக்கொண்டிருக்கலாம். இலங்கையில் 1982 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்கப் பாவனையாளர் கடன் சட்டம் இவ்வகை உடன்படிக்கைகளை ஒழுங்குபடுத்த முற்பட்டது.

மூன்றாவது, ஆயுளைத் திட்டமிடல். இயந்திரம் பௌதிகத் தேய்மானத்தோடு, புதிய இயந்திரங்களின் வருகையாற் பெறுமதி இழக்கும் வேறொரு தேய்மானத்துக்கும் உள்ளாகின்றது என்பதை மார்க்ஸ் 'மூலதனம்' நூலில் விளக்கினார். அவர் தொழிற்சாலை இயந்திரத்தை மனங்கொண்டே இதனைக் கூறினார். இருபதாம் நூற்றாண்டின் ஏகபோக மூலதனம் இத்தேய்மானத்தை வீட்டுப் பாவனைப் பொருள்களுக்குத் திட்டமிட்டே கொண்டு வந்தது. 1924 டிசெம்பரில் ஜெனீவாவில் ஒன்றுகூடிய ஒஸ்ராம், பிலிப்ஸ் முதலான மின்குமிழ் உற்பத்தியாளர் 'பீபஸ்' என்ற கூட்டிணைப்பை அமைத்தனர். மின்குமிழின் ஆயுளை ஏறத்தாழ 1000 மணித்தியாலங்களாக வரையறுத்ததோடு, அதனை மீறி நீண்ட காலம் எரியும் குமிழ்களை உற்பத்தி செய்த அங்கத்தவருக்கு அபராதமும் விதித்தனர். இரண்டாம் உலகப் போர் மூண்டதோடு அக்கூட்டிணைப்பு செயலிழந்தது. எல்லா மின்னியற் பொருள்களும் இவ்வாறே சதித் திட்டத்தோடு ஆக்கப்படுகின்றன என்று இதனைக் கொண்டு வாதிப்பது மிகைப்பாடாகும். ஆனால் ஒரு பொருள் எவ்வளவு காலம் உழைக்கும் என்பது தொழில்நுட்பத்தால் மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை, இலாபக் கணக்கும் அதனைத் தீர்மானிக்கின்றது என்பதற்கு இது மறுக்க முடியாத சான்று.

5

1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுக்கமாக இருந்த காலத்தில், வானொலிப் பெட்டி ஒன்றைப் பழுதுபார்த்துப் பழுதுபார்த்துப் பாவிப்பது பொது வழக்கம். 1977 இல் அறிமுகமான திறந்த பொருளாதாரக் கொள்கை அந்நிலையை மாற்றியது. 1979 ஏப்ரிலில் சுயாதீனத் தொலைக்காட்சியும், 1982 பெப்ரவரி 15 இல் ரூபவாஹினியும் ஒளிபரப்பைத் தொடங்கின. மின்சாரம் எட்டாத கிராமங்களிலும் லயங்களிலும் வாகன பற்றரிகளைக் கொண்டு தொலைக்காட்சிப் பெட்டிகள் இயக்கப்பட்டன. மின்னியற் பொருள் முன்னர் வசதி படைத்தோரின் அடையாளமாயிருந்தது. இப்போது உழைப்பாளர் குடும்பத்தின் எதிர்பார்ப்பாயிற்று.

இதே காலத்திற்றான் பாவனையாளர் பாதுகாப்புச் சட்டங்களும் தோன்றின. 1979 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம், 1987 ஆம் ஆண்டின் நியாய வர்த்தக ஆணைக்குழுச் சட்டம் ஆகிய இரண்டையும் நீக்கி, 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையை நிறுவியது. இவ்வாண்டு மலையக மக்களுக்கு வேறொரு வகையிலும் முக்கியமானது. 1948 இற் குடியுரிமை பறிக்கப்பட்ட சமூகத்தில் எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கிய 35 ஆம் இலக்கச் சட்டமும் 2003 இலேயே நிறைவேறியது. பிரசை என்ற தகுதியும் பாவனையாளர் என்ற சட்டப் பாதுகாப்பும் ஒரே ஆண்டிலே கைக்கெட்டின. இரண்டிலும், ஏட்டில் உள்ள உரிமைக்கும் நடைமுறைக்கும் இடையிலான தூரமே பிரச்சினையாயிற்று.

2003 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13 ஆம் பிரிவு, உற்பத்தியாளரோ வர்த்தகரோ உட்கிடையாகவோ வேறு விதமாகவோ அளித்த உத்தரவாதத்துக்கு இணங்காத பொருள் பற்றிய முறைப்பாட்டை அதிகாரசபை விசாரிக்கலாம் என்கின்றது. 'உட்கிடையாக' என்ற சொல் மிக முக்கியமானது. அட்டையில் எழுதப்பட்டது மாத்திரமே உத்தரவாதம் அன்று என்பதை அது ஒப்புக்கொள்கின்றது. ஆனால் அதே பிரிவு, விற்பனை நிகழ்ந்து மூன்று மாதங்களுக்குள் முறைப்பாடு எழுத்துமூலம் செய்யப்படல் வேண்டும் என்றும் விதிக்கின்றது. ஓராண்டு உத்தரவாதமுடைய பொருளின் பழுது ஐந்தாம் மாதத்தில் வெளிப்பட்டாலே சட்டத்தின் இவ்வாசகம் தடையாகின்றது என்றால், பதின்மூன்றாம் மாதத்து முறைப்பாட்டின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை. உரிமையை விரிவாக வரைந்த சட்டம் அதற்கான கதவை ஒடுக்கமாக அமைத்துவிட்டது. 'பாவனையாளர்' என்னும் தமிழ்ச் சொல் பொருளைப் பாவிப்பவரைக் குறிப்பது. சட்டமோ பாவனையின் காலத்தை விட்டு, விற்பனையின் திகதியிலிருந்தே நாள் எண்ணுகின்றது.

எஞ்சும் வழி, 1896 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மாத்தளை நகர நீதிமன்றத்தை நாடுவது. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழமைந்த மத்தியஸ்த சபைகள் சிறு தொகைப் பிணக்குகளைச் செலவின்றித் தீர்க்க உதவக்கூடியன. ஆனால் குறை தொழிற்சாலையிலே பிறந்தது என்பதை எண்பிக்கும் பொறுப்பு முறையிடுபவருடையது. பொறியியலாளர் ஒருவரின் அறிக்கைக்கு ஆகும் செலவு பொருளின் விலையை மிஞ்சக்கூடும். ஒரு நாள் நீதிமன்றம் செல்வது ஒரு நாட் பெயரை இழப்பது. பெரும்பாலும் ஆங்கிலத்தில் அமைந்த அட்டையை வாசிப்பதற்கே இன்னொருவரின் உதவி தேவைப்படுகின்றது.

6

இப்பிரச்சினையின் கூர்மை 2020, 2021 ஆம் ஆண்டுகளில் வெளிப்பட்டது. கொவிட் தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது கல்வி கைபேசித் திரைக்கு மாறியது. பெருந்தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 1000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது 2021 மார்ச்சிலேயே. அக்கூலியில், 30,000 ரூபா விலையுள்ள கைபேசி ஒன்று, உணவுக்கோ மருந்துக்கோ ஒரு சதமும் செலவிடாத முப்பது நாள் உழைப்புக்குச் சமம். 2022 இல் டொலரொன்றின் பெறுமதி ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை உயர்ந்தபோது, பழுதடைந்த பொருளுக்குப் பதிலாகப் புதியதை வாங்குவது முன்னையதினும் கடினமாயிற்று. ஆகவே உத்தரவாதம் கடந்த பழுதினை வெறும் வசதிக் குறைவாகக் கருதலாகாது. அது ஏற்கெனவே பெற்ற கூலியை மீண்டும் கழிப்பதற்கு ஒப்பாகும்.

எதுவும் என்றென்றும் உழைக்காது, விற்பனையாளர் எல்லையின்றிப் பொறுப்பேற்றால் விலை உயரும் என்ற எதிர்வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. இரத்தோட்டைக் கடைத்தெருவின் சிறு வியாபாரி, கொழும்பு இறக்குமதியாளருக்கும் வாடிக்கையாளருக்கும் இடையில் நெருக்குண்பவர் என்பதும் உண்மை. ஆனால் கோரப்படுவது நித்திய உத்தரவாதம் அன்று. விலைக்கும் பொருளின் தன்மைக்கும் ஏற்ற நியாயமான ஆயுளும், பழுதுபார்க்கும் வாய்ப்புமேயாகும். இது நடைமுறைச் சாத்தியமற்றதன்று. நமது 1896 ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மூலமாயமைந்த ஆங்கிலச் சட்டம் அங்கே பலமுறை மாற்றமடைந்துள்ளது. 1973 இல் பாவனையாளர் விற்பனைகளில் விலக்கு வாசகங்களின் வலிமை பறிக்கப்பட்டது. 2015 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, முதல் ஆறு மாதங்களில் வெளிப்படும் குறை விற்ற நாளிலேயே இருந்ததாகக் கொள்ளப்படும். அன்று என எண்பிக்க வேண்டியவர் விற்றவர். இங்கிலாந்தில் ஆறாண்டுகள் வரை வழக்கிட இடமுண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2024 ஜூனில் ஏற்றுக்கொண்ட பணிப்புரை, சலவை இயந்திரம், குளிர்சாதனப் பெட்டி, கைபேசி போன்றவற்றைச் சட்டபூர்வ உத்தரவாதக் காலத்தின் பின்னரும் நியாயமான விலையிற் பழுதுபார்க்கும் கடப்பாட்டை உற்பத்தியாளர் மீது சுமத்துகின்றது. 2026 ஜூலை 31 அதனைப் பிரயோகிப்பதற்குக் குறிக்கப்பட்ட நாள். இந்தியாவின் 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், முறைப்பாட்டுக்கான காரணம் எழுந்ததிலிருந்து இரண்டாண்டுகள் அவகாசம் அளிக்கின்றது. மூன்று மாதத்தை இவற்றோடு ஒப்பிடுவது பயனுடையது.

எனவே செய்யத்தக்கவை சிலவற்றைத் தொகுத்துக் கூறலாம். முறைப்பாட்டுக் காலம் விற்பனையின் திகதியிலிருந்தன்றிக் குறை வெளிப்பட்ட திகதியிலிருந்து கணிக்கப்பட வேண்டும். குறிப்பிட்ட காலத்துக்கு எண்பிக்கும் பொறுப்பு விற்பவர் மீதும் இறக்குமதியாளர் மீதும் சுமத்தப்பட வேண்டும். உதிரிப்பாகங்கள் எத்தனை ஆண்டுகளுக்குக் கிடைக்கும் என்பது அட்டையிலே தமிழிலும் சிங்களத்திலும் எழுதப்பட வேண்டும். சட்டம் திருந்தும் வரை, பற்றுச்சீட்டையும் அட்டையையும் பேணுதலும், பழுது பற்றி விற்றவருக்கு உடனடியாக எழுத்தில் அறிவித்துப் பிரதியொன்றை வைத்துக்கொள்ளுதலும் இன்றியமையாதன. நாணமின்றி மத்தியஸ்த சபையை அணுகவும் வேண்டும்.

இவற்றைத் தனியொருவர் செய்வது கடினம். தோட்டக் கமிட்டி செய்வது எளிது. ஒரே வகைப் பொருளில் ஒரே வகைப் பழுது பத்துக் குடும்பங்களுக்கு நேர்ந்திருப்பின், அப்பத்தும் சேர்ந்தே குறை எங்கே பிறந்தது என்பதற்குச் சான்றாகக்கூடும். தனியாள் முறைப்பாட்டுக்கு இல்லாத எண்பிக்கும் வலிமை கூட்டு முறைப்பாட்டுக்கு உண்டு. கூலி உயர்வுக்காகப் பேரம் பேசும் தொழிற்சங்கங்கள், அக்கூலி வாங்கும் பொருளின் ஆயுளையும் தமது நிகழ்ச்சி நிரலிற் சேர்த்துக்கொள்ளல் வேண்டும். துண்டில் எழுதப்பட்ட தொகையை எவரும் கேள்விக்குட்படுத்த முடியாது என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. அந்நம்பிக்கை 1921 இல் முடிவுற்றது. அட்டையிலுள்ள திகதியைப் பற்றிய நம்பிக்கை இன்னும் முடிவுறவில்லை.